கால்டுவெல் எழுதிய ஒரு சின்னப் புத்தகம்: சிவகாசிக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 17 வந்தால் இன்ஸ்டாகிராமில் ஒரே பச்சை மயம்தான். டப்ளினில் ஊர்வலம், நியூயார்க்கில் அதைவிடப் பெரிய ஊர்வலம், சிகாகோவில் ஆற்றுத் தண்ணீருக்கே பச்சைச் சாயம். அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் தினம் அது. இதை ஏன் நம்ம பக்கத்திலிருந்து எழுதக் கூடாது என்று டெஸ்க்கில் கேட்டபோது, சீனியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சிவகாசிக்கும் அயர்லாந்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார்.

இருக்கு. கொஞ்சம் கசப்பான சம்பந்தம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள முதலில் அயர்லாந்துக்காரர்கள் ஏன் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

1841-ல் இருந்த கூட்டம் இன்றும் இல்லை

1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்துத் தீவில் சுமார் 82 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று தெற்கே அயர்லாந்துக் குடியரசு, வடக்கே பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்து, இரண்டையும் கூட்டினால் சுமார் 70 லட்சம். உலகத்தில் எல்லா இடத்திலும் மக்கள்தொகை பல மடங்கு ஏறியிருக்கும்போது, ஒரு தீவில் மட்டும் 180 வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு!

காரணம், 1845-ல் உருளைக்கிழங்குச் செடியைத் தாக்கிய ஒரு நோய். ஏழை விவசாயிகளுக்கு அந்தக் கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அதே அளவுக்கோ அதற்கு மேலோ கப்பல் ஏறினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பஞ்ச காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தன. இன்று ஐரிஷ் வம்சாவளி என்று சொல்லிக்கொள்பவர்கள் உலகம் முழுக்க சுமார் 7 கோடி பேர் என்கிறது அயர்லாந்து அரசு.

நம் பக்கத்தில் தாத்தா பாட்டிகள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் (1876-78) நினைவுக்கு வரலாம். வந்தால் தப்பில்லை. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தைக் கவனித்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெலியன். சந்தையே சரிசெய்துகொள்ளும், அரசு ரொம்பத் தலையிடக் கூடாது என்ற கொள்கைக்காரர். அயர்லாந்தில் இன்றும் கால்பந்து மைதானங்களில் பாடப்படும் ஒரு பாட்டில் அவர் பெயர் வருகிறது, பாராட்டாக அல்ல. அதே ட்ரெவெலியன்தான் 1859-ல் சென்னை மாகாண கவர்னராக வந்து இறங்கினார். தாது வருஷப் பஞ்சம் அவர் போன பிறகு வந்ததுதான். ஆனால் சந்தையில் கை வைக்காதே என்ற அந்தக் கொள்கை போகவில்லை.

அடிபட்டவர்களே துப்பாக்கியும் பிடித்தார்கள்

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'அயர்லாந்தும் நம்மைப் போலவே வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்ட நாடு' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, இந்தியாவில் அந்த ஆட்சியை நடத்தியதிலும் ஐரிஷ்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1760 வந்தவாசிப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலேயர் - பிரெஞ்சுக்காரர் போர் என்று படித்திருப்போம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், லிமெரிக் பக்கத்து ஐரிஷ்காரர். பிரெஞ்சுத் தளபதி லாலியின் அப்பா, அயர்லாந்தை விட்டு பிரான்ஸுக்கு ஓடிப்போன கால்வே குடும்பத்துக்காரர். வந்தவாசி வெயிலில் அடித்துக்கொண்ட இரண்டு தளபதிகளுக்கும் பூர்வீகம் ஒரே தீவு. கம்பெனி சென்னையில் உருவாக்கிய ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்று, பிற்பாடு 1881-ல் 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்று பெயர் மாறியது. டப்ளின் பெயரைச் சுமந்த அந்தப் படை பிறந்த ஊர் நம்ம மெட்ராஸ்.

சிப்பாய்கள் போகட்டும். தென்கோடித் தமிழ்நாட்டை அதிகம் பாதித்த ஐரிஷ்காரர்கள் கையில் வைத்திருந்தது பேனா.

அல்ஸ்டரில் பிறந்த மூன்று பேர்

தீவின் வடகிழக்கு மாகாணம் அல்ஸ்டர். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து குடியேறிய புராட்டஸ்டன்ட்கள் நிறைந்த பகுதி. இங்கே பிறந்த மூன்று பேர் நம்மைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். மூன்றும் மூன்று விதம்.

முதலில் மார்கரெட் நோபிள், 1867 அக்டோபரில் டைரோன் கவுன்டியில் பிறந்தவர். அந்தப் பெயரில் உங்களுக்குத் தெரியாது, சகோதரி நிவேதிதை என்றால் தெரியும். கிறிஸ்தவ போதகரின் மகள், விவேகானந்தரின் சீடராகி 1898-ல் கல்கத்தா வந்தவர். சாத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதி, வடக்கே காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனபோது இவரைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்டதும், எங்கள் வழக்கத்தில் அப்படி இல்லை என்று பாரதி தடுமாறியதும், அதற்குக் கிடைத்த கண்டிப்பும் பாரதி வாசகர்களுக்கு மனப்பாடம். 1908-ல் வந்த 'ஸ்வதேச கீதங்கள்' தொகுப்பை பாரதி அவருக்குத்தான் சமர்ப்பித்தார். இந்தியக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி நிவேதிதை 1904-ல் எழுதிய புத்தகம் முழுக்கப் பாசம். அழுக்கே கண்ணில் படவில்லையா என்று கேட்கும் அளவுக்குப் பாசம்.

இரண்டாவது, அதே 1867 டிசம்பரில் டவுன் கவுன்டியில் கடலோர ஊரான மில்லைலில் பிறந்த எமி கார்மைக்கேல். பெல்ஃபாஸ்ட் மில் தொழிலாளிப் பெண்களிடையே வேலை பார்த்துவிட்டு 1895-ல் இந்தியா வந்தார். 1901-லிருந்து களக்காடு பக்கம் டோனாவூரில் தங்கி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையில் இருந்த சிறுமிகளை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார். 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் தலைப்பில் 1903-ல் வந்த அவர் புத்தகம் நிவேதிதைக்கு நேர் எதிர். அதில் அழுக்குதான் முதலில் கண்ணில் படும். ஒரே மாகாணத்தில் ரெண்டு மாச வித்தியாசத்தில் பிறந்த இருவர் ஒரே நாட்டைப் பார்த்த லட்சணம் இது! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1895-க்குப் பிறகு எமி ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1951-ல் டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு கல் தொட்டியை வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள்.

மூன்றாவது ஆள்தான் நம் கதை நாயகன்.

கால்டுவெல் ஐரிஷ்காரரா?

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-ல் ஆன்ட்ரிம் கவுன்டியில் கிளாடி என்ற சின்ன ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதி இல்லாதவர்கள். பத்து வயது வாக்கில் குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. பதினாறு வயதில் டப்ளினுக்கு வந்து ஓவியம் கற்றார், பிறகு மறுபடி கிளாஸ்கோ. ஆகவே பிறப்பால் அயர்லாந்து, வேரால் ஸ்காட்லாந்து. அயர்லாந்து அவரை அவ்வளவாகக் கொண்டாடுவதும் இல்லை. கொண்டாடுவது நாம்தான்.

1838-ல் சென்னைக்கு வந்தவர், 1841-ல் தெற்கே நடந்தே புறப்பட்டுத் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் குடியேறினார். சாகும்வரை, ஐம்பது வருஷம், அதுதான் அவர் ஊர். அங்கிருந்துதான் 1856-ல் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வந்தது. தமிழ் சமஸ்கிருதத்தின் கிளை இல்லை, திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை விரிவாக நிறுவிய நூல். (இந்தக் கருத்தை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி முன்வைத்துவிட்டார். ஆனால் ஊரறியச் செய்தது கால்டுவெல்.) மெரினாவில் சிலை, இடையன்குடியில் நினைவு இல்லம், 2010-ல் தபால்தலை எல்லாம் அதற்காகத்தான்.

1881-ல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றையும் எழுதினார். இதில்தான் நம்ம ஊர் உள்ளே வருகிறது. அன்றைய திருநெல்வேலி மாவட்டம் இன்றைக்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், அன்று விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட விருதுநகர் எல்லாமே அதற்குள் அடக்கம். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் இவை பிரிந்தன. விருதுநகர் தனி மாவட்டம் ஆனது 1985-ல். ஆக, கால்டுவெல் 'திருநெல்வேலி' என்று எழுதினால் அதில் சிவகாசியும் இருக்கிறது.

அந்தச் சின்னப் புத்தகத்தில் என்ன இருந்தது?

ஒப்பிலக்கணத்துக்கு ஏழு வருஷம் முன்பு, 1849-ல், கால்டுவெல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இன்று நாடார் என்று அழைக்கப்படும் சமூகத்தைப் பற்றியது. இன்றைக்கு யாரும் விரும்பாத பழைய சாதிப் பெயர் தலைப்பிலேயே இருந்தது. அவர்களின் மதம், ஒழுக்கம், குணம் என்று ஆங்கிலத்தில் ஒரு சித்திரம்.

யாருக்காக எழுதினார் என்பது முக்கியம். இங்கிலாந்தில் இருந்து மிஷனுக்குப் பணம் அனுப்பும் நன்கொடையாளர்களுக்காக. 'இவர்கள் எவ்வளவு இருட்டில் இருக்கிறார்கள் பாருங்கள்' என்று காட்டினால்தான் நன்கொடை வரும். இடையன்குடித் தேரியில் பனையேறிப் பிழைத்த ஏழைகளைப் பார்த்து, அவர்கள் கும்பிடும் சாமிகளைப் பேய் வழிபாடு என்றார். அறிவுத்திறன் மட்டு என்றார். இலங்கையின் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். ஒரு மாவட்டத்தின் தெற்கு மூலையில் பார்த்ததை வைத்து, மொத்தச் சமூகத்துக்கும் சீல் குத்திவிட்டார்.

இதே காலத்தில் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகை ஐரிஷ்காரர்களைக் குரங்கு முகத்தோடு கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தது. சோம்பேறிகள், மூடநம்பிக்கைக்காரர்கள், குடிகாரர்கள் என்பதுதான் அந்தப் படங்களின் பொருள். கால்டுவெல் அந்தக் கேலிக்கு ஆளான கத்தோலிக்க ஏழை ஐரிஷ்காரர் இல்லைதான். ஆனாலும், இல்லாதவனைப் பார்த்து 'இவன் ரத்தமே இப்படி' என்று எழுதும் அந்த நடை எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதல்லவா?

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். பனைத் தொழில், நிலவரம், தேரி வாழ்க்கை பற்றிய அவர் விவரிப்புகளை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இடையன்குடியில் பள்ளிகள் வந்தன. அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதே வீட்டில்தான் அந்தப் புத்தகமும் எழுதப்பட்டது.

கோபம் எங்கே வெடித்தது?

ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் ஊருக்குத் தெரியாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் மிஷன் பள்ளிகளே ஆங்கிலம் படித்த ஒரு தலைமுறையை உருவாக்கிவிட்டன. அவர்கள் கையில் புத்தகம் கிடைத்தது.

முதலில் வெடித்தது தேவாலயத்துக்குள்ளேயே. நாசரேத் பக்கத்தைச் சேர்ந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857-ல் ஐரோப்பிய மிஷனரிகளின் கட்டுப்பாடே வேண்டாம் என்று பிரிந்து, இந்து - கிறிஸ்தவத் திருச்சபை ஒன்றைத் தொடங்கினார். சாஷ்டாங்க வணக்கம், சாம்பிராணி, சனிக்கிழமை ஓய்வுநாள் என்று முழுக்கத் தன் வழி. கால்டுவெல் புத்தகத்தின் மீதான கோபம் இந்தப் பிரிவுக்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. 1880-களில் பிஷப்புக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நூல்களே அச்சாகி வந்தன. நாங்கள் வந்தேறிகள் இல்லை, ஆண்ட பரம்பரை, சத்திரியர்கள் என்பது அவற்றின் வாதம்.

அந்த வாதத்தில் வரலாறு எவ்வளவு, பெருமை எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால் 'நாங்கள் யார் என்று நாங்கள் சொல்கிறோம்' என்பதுதான் அதன் அடி. மேலும், ஒருவரை உயர்த்திக்காட்ட 'ஆண்ட பரம்பரை' என்ற அளவுகோல் தேவைப்பட்டதே, அதுவும் சாதி அமைப்பு வைத்த அளவுகோல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தப் பதிலை மிகச் சத்தமாகச் சொன்னது சிவகாசி, விருதுநகர் வட்டாரம். காரணம் எளிது. 1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிந்து பாதைகள் பாதுகாப்பானதும், தெற்கிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த வியாபாரிகள் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் பேட்டை அமைத்துத் தங்கினார்கள். வண்டிக்கும் மூட்டைக்கும் ஒரு சின்னத் தொகை 'மகமை' என்று பிடித்து, உறவின்முறை பொதுப்பணமாகச் சேர்த்தார்கள். பஞ்சு, எண்ணெய், பருப்பு என்று வியாபாரம் வளர்ந்தது. கையில் காசு இருந்தது. ஆனால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். தேரிக்காட்டு ஏழையைப் பற்றி எழுதப்பட்ட வரிகள் தங்கள் நெற்றியிலும் ஒட்டியிருப்பதைச் சகித்துக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை.

அந்த மகமைப் பணத்தில்தான் 1880-களில் விருதுநகரில் ஒரு பள்ளி வந்தது. பெயர், சத்திரிய வித்தியாசாலை. கே.வி.எஸ். பள்ளி என்று நாம் சுருக்கிக் கூப்பிடுகிற பெயருக்குள் அந்தக் காலத்து வழக்கு முழுதும் இருக்கிறது. 'அறிவு மட்டு' என்று எழுதப்பட்ட சமூகம், பள்ளிக்கூடம் கட்டி அதன் பெயர்ப்பலகையிலேயே பதிலை எழுதிவைத்தது. அங்கே படித்துப் பாதியில் நின்ற ஒரு மாணவர் பெயர் காமராஜ்.

1899

இந்தக் கதை எல்லாமே பேனாவால் நடந்ததில்லை. கோயில் நுழைவு உரிமை கேட்டு எழுந்த மோதல் 1899 ஜூன் 6-ல் சிவகாசியில் பெரும் கலவரமானது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. வட்டாரம் முழுக்கப் பரவி அடங்க வாரக்கணக்கானது. ஒரு புத்தகத்தால் கலவரம் வந்தது என்று எழுதினால் அது அபத்தம். வியாபாரம், நிலம், கோயில், மரியாதை என்று பல கணக்குகள் அதில் உண்டு. கமுதி கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் கதவு 1939 ஜூலையில்தான் திறந்தது, அதுவும் தலித் மக்களோடு சேர்த்து.

கால்டுவெல் இவை எதையும் பார்க்கவில்லை. 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, 1847-ல் தொடங்கி 1880-ல் முடித்த தன் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த வட்டாரத்து நாடார் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலருக்கும் அவர் இன்றும் பிதா. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு மாதிரி சிரிப்பார்கள் என்று அந்தப் பக்கத்து நண்பன் ஒருவன் சொன்னான். தன் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். "அவரு எழுதினது எழுதினதுதான். எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவரு ஆளுகதான்லே" என்றாராம்.

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு கொசுறு

அயர்லாந்துக் குடியரசில் பொதுமக்கள் பட்டாசு வாங்கி வெடிப்பது சட்டப்படி குற்றம். மத்தாப்பு மாதிரி சின்ன வகைகளுக்கு மட்டும்தான் அனுமதி. அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் இரவுக்கு எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகப் பட்டாசு வருவதும் போலீஸ் பிடிப்பதும் அங்கே வருஷா வருஷம் செய்தி. ஆக, நம்ம சரக்குக்கு அங்கே பெரிய மார்க்கெட் இல்லை!

பெயர் மாறிய வருஷம்

1910-ல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. அதன் கோரிக்கைகளில் முக்கியமானது, அரசு ஆவணங்களில் பழைய சாதிப் பெயரை எடுத்துவிட்டு 'நாடார்' என்று எழுத வேண்டும் என்பது. மனு மேல் மனு போட்டார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது நிறைவேறியது. கால்டுவெல் தலைப்பில் வைத்த சொல் அரசாங்கப் பதிவேட்டிலிருந்து இறங்க 72 வருஷம் ஆனது.

அடுத்த வருஷம், 1922-ல், அயர்லாந்தின் தென்பகுதி பிரிட்டனிடமிருந்து பிரிந்து தனி அரசானது. மெட்ராஸில் பிறந்த அந்த டப்ளின் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. அதே வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள், தீப்பெட்டி எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டு வரக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள்.